மன இறுக்கப் பாட்டும் பதினான்கு விருப்பக் கடிதங்களும்

இந்தக் காலத்தில் சனங்கள் வெளிச்சம் விழாமல் அழுவதில்லை. போன மாதம் எங்கள் தெருவில் ஒரு சாவு. பெரிய மகன் பாண்டிச்சேரியிலிருந்து வந்து இறங்கினான். பிணத்தின் மேல் விழப் போனவன், வீடியோக்காரன் இன்னும் லைட்டைப் போடவில்லை என்று கண்டு, பாதியில் நின்று செருப்புவாரை அவிழ்ப்பது போல நேரம் கடத்தினான். லைட் எரிந்தது. விழுந்தான். நன்றாகத்தான் அழுதான், குறை சொல்ல முடியாது. கல்யாண வீட்டிலும் இதே கூத்துதான். மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு வீடியோக்காரன் மூஞ்சியைப் பார்க்கிறான். அவன் தலையாட்டினால்தான் முடிச்சு. அப்புறம் ஐயர் எதற்கு என்று கேட்டால் என்னைப் பட்டிக்காட்டான் என்கிறார்கள்.

நான் பட்டிக்காட்டான்தான். ஊர் வரிச்சிக்குடி. பெயர் கோவிந்தராசு. மூன்றாம் வகுப்பு வரை படித்தேன், அப்புறம் ரைஸ்மில்லில் நெல் அவித்தேன். இந்த வீடியோ சனியன் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து என் மகளை என்ன பாடு படுத்தியது என்பதை எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

என் கடைசி மகள் அல்லி. எங்கள் வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஏறியவள் அவள் ஒருத்திதான். காரைக்கால் டவுனில் ஒரு பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம், அதைப் பெரிதாக அவர்களே வாசலில் எழுதி வைத்திருக்கிறார்கள். அல்லிக்கு நர்ஸ் படிக்க வேண்டும் என்று ஆசை. என் பெண்டாட்டி செல்லம்மாவுக்கு அவளைத் தன் அண்ணன் மகனுக்குக் கட்டிவைக்க வேண்டும் என்று ஆசை. நான் நடுவில் நின்று, "பரிச்சை எழுதட்டும், அதுக்கப்புறம் பாப்பம்" என்று சொல்லிவைத்திருந்தேன். "எழுதலன்னா?" என்றாள் செல்லம்மா. "எழுதலன்னா ஒன் அண்ணன் மவன்தான்" என்றேன். எழுதாமல் எங்கே போகப் போகிறாள் என்ற தைரியம்.

எண்பத்தெட்டாம் வருஷம், பொங்கல் கழிந்து மாட்டுக் கொம்பில் பெயிண்ட் காயாத சமயம். தலைமையாசிரியர் கைலாசநாதன் வரச் சொல்லி ஆள் விட்டார்.

"வாங்க கோவிந்தராசு, உக்காருங்க" என்றார். அறையில் இருந்த ஒரே நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். நின்றேன்.

"ஒங்க பொண்ணு கணக்குல கொஞ்சம் பலவீனமா இருக்கு."

"ஒங்க கிட்டதானங்க சார் படிக்கிது."

அதை அவர் காதில் வாங்கவில்லை. "நம்ம பள்ளிக்கூடம் போன வருஷம் நூத்துக்கு நூறு. தெரியும்ல?"

"எல்லாப் புள்ளைங்களும் தேறிட்டுதுங்களா?"

"எழுதுன புள்ளைங்க எல்லாம் தேறிட்டுது."

அப்புறம்தான் எனக்கு அந்தத் தொழில் ரகசியம் விளங்கியது. மில்லில் பதர் தூற்றுவது போலத்தான். தேறாது என்று தெரிகிற பிள்ளைகளைப் பரீட்சைக்கு முன்னாலேயே தூற்றி வெளியே விட்டுவிட வேண்டியது. மிச்சம் இருப்பது நூற்றுக்கு நூறு. இந்த வருஷம் தூற்றலில் பதினான்கு பேர். அதில் அல்லி ஒருத்தி.

"நாங்களா யாரையும் நிறுத்துறதில்ல" என்றார் கைலாசநாதன். "அவுங்களே நின்னுக்குறாங்க. இந்தா, இதப் பாத்து எழுதிக் குடுத்துடுங்க." ஒரு தாளை நீட்டினார். என் மகளின் உடல்நலம் கருதி, என் சொந்த விருப்பத்தின் பேரில், இந்த ஆண்டு பரீட்சையிலிருந்து நிறுத்திக்கொள்கிறேன் என்று இருந்தது. அதற்கு விருப்பக் கடிதம் என்று பெயர்.

"எனக்கு விருப்பம் இல்லீங்களே சார்."

"விருப்பம் இருக்கணும்னு அவசியம் இல்லீங்க. இருக்குன்னு எழுதுனாப் போதும்."

"அது ஒடம்பு நல்லாத்தான இருக்கு."

"பரிச்சை எழுதுனா கெட்டுடும்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்தேன். அல்லி வேப்பமரத்தடியில் நின்று அழுதுகொண்டிருந்தாள். எனக்கு ஆள் விடுவதற்கு முன்னமே அவளிடம் சொல்லிவிட்டார்கள்.

அந்தச் சமயம் பார்த்து பாண்டிச்சேரியில் 'மாணவர் மன அமைதிக் கோட்டம்' என்று ஒன்றைப் புதிதாக ஆரம்பித்திருந்தார்கள். அங்கிருந்து ஓர் உத்தரவு வந்தது. வயசுப் பிள்ளைகளுக்கு மனம் இறுகிக் கிடக்கிறது, அதைத் தளர்த்த ஒவ்வொரு பள்ளிக்கூடமும் ஒரு பாட்டு எழுதி, பிள்ளைகளை நடிக்கவைத்து, வீடியோப் படம் எடுத்து அனுப்ப வேண்டும், மாத முடிவுக்குள் மனத்தைத் தளர்த்தாத தலைமையாசிரியர் மேல் நடவடிக்கை எடுக்கப்படும் என்று அதில் இருந்ததாம். அதைப் படித்ததிலிருந்து கைலாசநாதனுக்கு வலது கண் துடித்துக்கொண்டே இருந்தது.

நடிக்க யாரைப் பிடிப்பது? படிக்கிற பிள்ளைகளைக் கூப்பிட்டால் படிப்புக் கெடும். பதினான்கு பேர்தான் சும்மா கிடக்கிறார்கள். அதோடு அவர்கள் முகத்தில் ஏற்கெனவே வேண்டியது இருக்கிறது, தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த யோசனை தமிழ் எடுக்கும் டெய்சி டீச்சருடையது. அவர் நல்லவர்தான். மரத்தடியில் அழுத அல்லியைப் பார்த்துவிட்டு, தோளில் கை வைத்து, "இதே மொகத்த அப்படியே வச்சிக்கம்மா" என்று சொன்னவர் அவர்தான்.

வீட்டில் செல்லம்மா சிரித்தாள். "பரிச்சைக்கி வேணாங்குற புள்ள படத்துக்கு மட்டும் வேணுமாக்கும். நல்லாருக்குங்க ஒங்க பள்ளிக்கூடம். எங்க அண்ணன்கிட்ட சேதி சொல்லி உடவா?"

"அவ அழுதத நீ பாக்கல" என்றேன்.

"பாத்தேன். நாஞ் சொன்னா மட்டும் சிரிக்கவா போறா?"

பாட்டை அல்லியே எழுதினாள். பள்ளிக்கூட நோட்டில் எழுதிக் காட்டினாள்.

*எழுந்திரு என்று ஒரு மணி,*
*உட்காரு என்று ஒரு மணி,*
*என் நெஞ்சுக்குள் அடிக்கும் மணிக்கு*
*எந்த வாத்தியார் வருவார்?*

எனக்குப் பாட்டு தெரியாது. ஆனால் அந்தக் கடைசி வரியைப் படித்ததும் கைலாசநாதன் அறையில் நான் நின்றுகொண்டிருந்தது ஞாபகம் வந்தது.

பெண் பிள்ளைகள் பள்ளியை விட்டு வெளியே படம் எடுக்கப் போனால் கூட ஒரு பெற்றோர் வரவேண்டும் என்று விதியாம். வேலைவெட்டி இல்லாத பெற்றோர் நான் ஒருவன்தான். அப்படித்தான் நான் இந்தக் கூத்து முழுவதையும் பக்கத்தில் நின்று பார்க்க வாய்த்தது.

படம் எடுக்க வந்தவர் சவரிநாதன். டவுனில் கல்யாண வீடியோ எடுப்பவர். வேறு எதுவும் எடுத்ததில்லை. வகுப்பறையில் பெஞ்சுகளைப் பார்த்ததும், "பொண்ணு வீட்டுக்காரங்க இந்தப் பக்கம், மாப்ள வீட்டுக்காரங்க அந்தப் பக்கம்" என்று ஆரம்பித்து, டீச்சர் முறைத்த பிறகு நிறுத்திக்கொண்டார். அல்லியை உட்காரவைத்து, "தலையக் கொஞ்சம் குனிங்கம்மா, வெக்கமா... இல்லல்ல, கவலையா" என்றார். மீரா சாகிப் என்று ஒரு பையன், அவனும் பதினான்கில் ஒருவன், மேசையில் தாளம் தட்டுவான். "சார், நான் யாரு, மாப்ளத் தோழனா?" என்று கேட்டான். பிள்ளைகள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். டெய்சி டீச்சர் பதறிப்போனார். "யாரும் சிரிக்கப்படாது. இறுக்கம் கலைஞ்சிடும்."

நான் டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டேன். "டீச்சர், நான் கடுதாசி ஒண்ணும் குடுக்கல. பாப்பா பரிச்சை எழுதலாமா, கூடாதா? பெரியவரு என்ன சொல்றாரு?"

"அவரு ஒரு முடிவு எடுத்துட்டாருங்க."

"என்ன முடிவு?"

"அத இப்பச் சொல்ல முடியாதுங்க" என்றார் டீச்சர் ரொம்பவும் மரியாதையாக. "எழுதலாம்னு சொன்னா மொகத்துல சந்தோஷம் வந்துடும். எழுதக் கூடாதுன்னு சொன்னா ஒரேயடியா இடிஞ்சிடும். ரெண்டுக்கும் நடுவுல இருக்குது பாருங்க, அதுதான் நமக்கு வேணும். மொதநாள் எடுத்ததும் கடைசிநாள் எடுத்ததும் ஒரே மாதிரி இருக்கணும்ல? படம் முடியட்டும், அவசியம் சொல்லிடுறோம்."

"அதுவரைக்கும் புள்ள சோறு திங்காம கெடக்குதே டீச்சர்."

டீச்சர் அல்லியைத் திரும்பிப் பார்த்தார். "ஆமாங்க. கன்னம் நல்லா ஒட்டிட்டு வருது" என்றார்.

ஒரு நாள் கிளிஞ்சல்மேட்டுக்குப் போனோம். சவரிநாதனுக்குக் கடல் இல்லாமல் படம் முடியாது. கல்யாணச் சோடியை அங்கேதான் நடக்கவிடுவாராம். அல்லி கணக்குப் புத்தகத்தை மார்பில் அணைத்துக்கொண்டு, அலையைப் பார்த்தபடி, முழங்கால் தண்ணீர்வரை போய் நிற்க வேண்டும். அவ்வளவுதான். சவரிநாதன் தூரத்தில் வலைக்குவியலுக்குப் பின்னால் கேமராவை வைத்திருந்தார். நாங்கள் எல்லோரும் படத்தில் விழக் கூடாது என்று படகுகளுக்குப் பின்னால் குந்தியிருந்தோம். ஆக, கரையில் இருந்தவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது இதுதான்: யூனிபாரம் போட்ட ஒரு பெண் பிள்ளை, துணைக்கு ஒருவரும் இல்லாமல், முகம் வெளுத்துப்போய், கடலுக்குள் இறங்குகிறாள்.

வலை பிரித்துக்கொண்டிருந்த நான்கு பேர் போட்டது போட்டபடி ஓடினார்கள். ஒருவர் தலைமுடியைப் பிடித்தார், ஒருவர் காலைப் பிடித்தார். முழங்கால் தண்ணீரிலிருந்து என் மகளை நடுக்கடலிலிருந்து இழுப்பது போல இழுத்து வந்து, குப்புறப் போட்டு முதுகில் குத்தி, குடிக்காத தண்ணீரை வெளியே எடுக்கப் பார்த்தார்கள். நாங்கள் "ஐயா ஐயா" என்று ஓடினோம், மீரா சாகிப் எங்கள் எல்லோருக்கும் முன்னால். சவரிநாதன் ஓடவில்லை. கேமராவையும் நிறுத்தவில்லை.

மீன் கூடையோடு வந்த ஓர் அம்மாள் நடந்ததைக் கேட்டுவிட்டு நேராக டெய்சி டீச்சரிடம் போனாள். "நடிப்பா? அந்தப் புள்ள மூஞ்சியப் பாருடி ஆத்தா. இது நடிக்கிற மூஞ்சியா? நாங்க கடலுக்குப் போன புருசன் வர்றவரைக்கும் கரையில நின்னு பாத்துருக்கோம், எது நடிப்பு எது நெசமுன்னு எங்களுக்குத் தெரியாது?"

 அந்த அம்மாளே அல்லிக்கு டீ வாங்கிக் கொடுத்துத் தலையைத் துவட்டிவிட்டாள். அந்த நேரம் மீரா சாகிப் படகு விளிம்பில் ஏறி உட்காரப் போய், மல்லாக்கச் சேற்றில் விழுந்தான். அல்லி வாய்விட்டுச் சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்து நான் பார்த்தேன். சவரிநாதன் அதையும் பிடித்துவைத்துக்கொண்டார்.

எடுத்த மட்டும் போட்டுப் பார்க்கக் கோட்டத்து அதிகாரி வேதாசலம் பாண்டிச்சேரியிலிருந்து ஜீப்பில் வந்தார். தலைமையாசிரியர் அறையில் டிவி வைத்தார்கள். பார்வைக் குழுவில் பொதுமக்களில் ஒருவர் இருக்க வேண்டும் என்று விதி இருந்ததால் என்னையும் உள்ளே கூப்பிட்டு, இந்த முறை ஒரு ஸ்டூல் போட்டார்கள்.

படம் ஓடியது. மீனவர்கள் அல்லியை இழுத்துவந்த இடத்தில் அதிகாரி கை தட்டினார். "பிரமாதம். சமுதாயப் பங்கேற்பு. இத நாங்க சுற்றறிக்கையிலயே போடல, நீங்களாவே செஞ்சிருக்கீங்க."

"நம்ம ஏற்பாடுதான் சார்" என்றார் கைலாசநாதன்.

"ஆனா மொத்தத்துல இறுக்கம் கொஞ்சம் அதிகம். பாக்குறவன் என்ன நெனப்பான்? இந்தப் பள்ளிக்கூடத்துல புள்ளைங்களுக்குக் கஷ்டம் இருக்குன்னு நெனப்பான். மன இறுக்கத்தக் காட்டணும், ஆனா மன இறுக்கம் இருக்குறதாக் காட்டப்படாது."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நான் எதை எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன்.

அடுத்து பாட்டு. கடைசி வரியில் கேள்விக்குறி இருக்கிறதாம், அரசாங்கப் படத்தில் கேள்வி கேட்டு நிறுத்துவது சரியில்லையாம். அதிகாரி கண்ணை மூடி யோசித்து, தானே திருத்திக் கொடுத்தார். *என் நெஞ்சுக்குள் அடிக்கும் மணிக்கு ஏற்ற வாத்தியார் வந்தாரே.*

"பொதுமக்கள் என்ன சொல்றீங்க?" என்று என் பக்கம் திரும்பினார்.

"எந்த வாத்தியாருங்க?" என்றேன்.

அப்போதுதான் படத்தில் ஒரு பெரிய குறை இருப்பது எல்லோருக்கும் தெரியவந்தது. வந்தாரே என்று பாடிவிட்டு ஆளைக் காட்டாமல் எப்படி? கைலாசநாதன் மெல்ல எழுந்து, அதிகாரியே வந்தால்தான் பொருத்தமாக இருக்கும் என்றார். அதிகாரி வேண்டாம் வேண்டாம் என்றபடி பையிலிருந்து சீப்பை எடுத்தார்.

மறுநாள் அதை எடுத்தார்கள். வகுப்பறை வாசலில் அதிகாரி தோன்ற வேண்டும், அழுதுகொண்டிருக்கும் அல்லியின் தலையில் கை வைக்க வேண்டும், அல்லி நிமிர்ந்து பார்த்துச் சிரிக்க வேண்டும். அதிகாரி தோன்றினார். கை வைத்தார். சவரிநாதன் சைகை காட்ட, அவருடைய ஆள் பழக்க தோஷத்தில் மேலேயிருந்து அட்சதையைத் தூவிவிட்டான். அதைத் துடைத்து மறுபடி எடுத்தார்கள். அல்லி நிமிர்ந்தாள். சிரிப்பு வரவில்லை. மறுபடி. வரவில்லை. அதிகாரியின் கை அவள் தலையில் பலமுறை விழுந்து பின்னல் அவிழ்ந்துவிட்டது.

"ஏன் இந்தப் பொண்ணு சிரிக்க மாட்டேங்குது?" என்றார் அதிகாரி.

நான் வாசலில் இருந்து சொன்னேன். "பரிச்சை எழுதலாம்னு ஒரு வார்த்த சொல்லுங்க சார், தானா சிரிக்கும்."

"மொதல்ல சிரிக்கட்டும்" என்றார் கைலாசநாதன். "அப்பறம் சொல்லுவோம்."

அல்லி அவரை ஒரு பார்வை பார்த்தாள். "சொன்னாத்தான் சார் சிரிப்பேன்" என்றாள். என் வீட்டில் அவள் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. அன்று எவ்வளவு நேரம் ஆகியும் அவளும் சிரிக்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. கடைசியில் சவரிநாதன், "உடுங்க சார், எங்கிட்ட ஒரு சிரிப்பு இருக்கு" என்றார். மீரா சாகிப் சேற்றில் விழுந்ததற்கு என் மகள் சிரித்த சிரிப்பை, அதிகாரியின் கை பட்டதற்குச் சிரித்ததாக மதராசில் கொண்டுபோய் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டார். சுற்றிவர ரோஜாப்பூ வேறு சுழன்றது. அது அந்த மிஷினில் தானாக வருமாம், நிறுத்தத் தெரியவில்லை என்றார்.

படத்துக்கு முதல் பரிசு கிடைத்தது. அந்தக் கோட்டத்துக்கு வந்த படமே அது ஒன்றுதான் என்று பின்னால் கேள்விப்பட்டேன். பள்ளிக்கூட மைதானத்தில் விழா. அதிகாரிக்கு ஒரு புது யோசனை தோன்றியிருந்தது. பதினான்கு பெற்றோரும் மேடையேறி, பிள்ளைகளைப் பரீட்சைப் பாரத்திலிருந்து விடுவிக்கும் விருப்பக் கடிதத்தைத் தலைமையாசிரியர் கையில் கொடுக்க வேண்டும். ஆளுக்கொரு சால்வை, ஒரு டிபன் பாக்ஸ். அதையும் வீடியோ எடுத்து, படத்தின் முடிவில் சேர்த்து, டெல்லிக்கு அனுப்புவார்கள். நிகழ்ச்சி நிரலில் 'விடுதலை பெறும் விழா' என்று அச்சடித்திருந்தது.

விழா தொடங்குமுன் கைலாசநாதன் என்னைச் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் தள்ளிக்கொண்டு போனார். "ஒங்க பொண்ணு கதாநாயகி. அதனால அது மட்டும் பரிச்சை எழுதலாம்னு முடிவு பண்ணிருக்கோம். நீங்க மேடையில ரெண்டு வார்த்த நன்றி சொல்லுங்க. மத்த பதிமூணு பேருகிட்டயும் நல்ல விதமாப் பேசிக் கடிதத்தக் குடுக்க வச்சிடுங்க. ஒங்க சொல்லு எடுபடும்."

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். செல்லம்மா அண்ணன் மகன் முகம் கண்ணிலிருந்து மறைந்தது. போய் அல்லியிடம் சொன்னேன்.

அவள் குதிப்பாள் என்று பார்த்தேன். சட்டைக் காலரைத் திருகிக்கொண்டு நின்றாள். "அவுங்க பதிமூணு பேருப்பா?"

"அவுங்க அப்பன் ஆத்தா பாத்துக்குவாங்க."

"கடல்ல நான் நிக்கயில மீரா சாகிப்புதான்ப்பா மொதல்ல ஓடியாந்தான். அவனுக்கு நீச்சல்கூடத் தெரியாது. அவன எழுதாதன்னு அவன் அம்மாகிட்ட நீ போய்ச் சொல்லுவியா?"

"எனக்கு ஒன்னோட பாடுதான் புள்ள பெரிசு."

"அப்ப எனக்கு வேணாம்" என்றாள். "மாமன் மவனையே கட்டிக்கிறேன்." போய் அந்தப் பதிமூன்று பேர் நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.

இப்படித்தான் நான் என்ன பேசுவது என்று தெரியாமல் மேடையேறினேன். மற்றப் பெற்றோர் கையில் உறையோடு படிக்கட்டில் வரிசையாக நின்றார்கள். சவரிநாதன் அவர்களைக் கல்யாணத்தில் மொய் வைக்கிற மாதிரி நிறுத்தியிருந்தார். "அவசரப்படாதீங்க, ஒவ்வொருத்தரா வாங்க, கவரு தெரியணும், மொகம் இங்க பாக்கணும்." முன்னால் நின்றது மீரா சாகிப்பின் தாயார் ரோஷன் பேகம். புருஷன் சவூதியில். 

அதிகாரி பேச எழுந்தார்.

"பெரியோர்களே. சென்ற ஆண்டு இந்தப் பள்ளியில் பரீட்சை சமயத்தில் மன இறுக்கத்தால் அவதிப்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். இந்த ஆண்டு ஒருவர்கூட இருக்கப் போவதில்லை. ஏனென்றால் அந்தப் பிள்ளைகளே இருக்கப் போவதில்லை." கைதட்டினார்கள். "சிலர் கேட்கிறார்கள், பிள்ளைகளை வற்புறுத்தி நிறுத்துகிறீர்களா என்று. நான் சவால் விடுகிறேன். பெற்றோர் தம் கையால் விருப்பக் கடிதம் தராமல் ஒரு பிள்ளையைப் பரீட்சையிலிருந்து நிறுத்த எந்தக் கொம்பனாலும் முடியாது. தலைமையாசிரியரால் முடியாது. என்னால் முடியாது. எனக்கு மேலே இருப்பவராலும் முடியாது. அதுதான் விதி. அவ்வளவு சுதந்திரம்."

கைலாசநாதன் அவருடைய சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார். அதிகாரி கண்டுகொள்ளவில்லை. அந்தச் சமயம் வீடியோ லைட் பட்டென்று அணைந்து, மறுபடி எரிந்தது.

"சார்" என்றார் சவரிநாதன் கீழேயிருந்து. "லைட்டு போயிட்டுது. அந்த முடியாது முடியாதுன்னு சொன்னீங்களே, அத மட்டும் இன்னொருக்கா. கையத் தூக்கிச் சொல்லுங்க, நல்லாருக்கும்."

கைலாசநாதன், "வேணாம் சார்" என்றார். அதிகாரி தலையைச் சீவிக்கொண்டு, கையைத் தூக்கி, முன்னைவிட உரக்க, ஒவ்வொரு முடியாதுக்கும் ஒரு விரலை மடக்கிச் சொன்னார். மைதானத்தின் கடைசியில் கடலை விற்றவனுக்கும் கேட்டிருக்கும்.

மைக் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தது. "கடுதாசி குடுக்கலன்னாங்க?" என்று கேட்டேன். எனக்கு நிஜமாகவே உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. இவர்கள் பேச்சில் எனக்கு எதுவும் ஒரு தடவையில் புரிந்ததில்லை.

"குடுக்கலன்னா எழுத விட்டே ஆகணும்" என்றார் அதிகாரி பெருமையாக. லைட் அவர் முகத்தில் இருந்தது. "ஆனா இதுவரைக்கும் குடுக்காதவங்க யாருமே கெடையாதே."

"நான் குடுக்கலீங்க" என்றேன்.

கைலாசநாதன் சட்டென்று முன்னால் வந்து, ரோஷன் பேகம் பக்கம் கையை நீட்டினார். "நீங்க குடுங்கம்மா, நேரமாவுது."

அந்த அம்மாள் உறையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அதை இரண்டாக மடித்து, நான்காக மடித்து, முந்தானையில் முடிந்துகொண்டு படியிறங்கினார். கைலாசநாதன் நீட்டிய கை அப்படியே நின்றது. "கைய எடுக்காதீங்க சார், நல்லா வருது" என்றார் சவரிநாதன்.

அடுத்தவர் இறங்கினார். அதற்கடுத்தவர் இறங்கினார். காலையிலேயே கடிதத்தைக் கொடுத்துவிட்ட ஒருவர் மேலே வந்து, "சார், ஒரு எழுத்து உட்டுப்போச்சி, திருத்திக் குடுத்துடுறேன்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு, அவரும் இறங்கினார். பிள்ளைகள் கைதட்டவில்லை, கத்தவில்லை. எழுந்து நின்றார்கள், அவ்வளவுதான். பதினான்கு பேர் ஒரே சமயத்தில் எழுந்தால் பெஞ்சு அப்படித்தான் சத்தம் போடும்.

அதிகாரி கெட்டிக்காரர். மறுபடி மைக்கைப் பிடித்தார். "பார்த்தீர்களா? மனம் தளர்ந்திருந்த இந்தப் பதினான்கு பேரும் இன்று துணிந்து பரீட்சை எழுத முன்வந்திருக்கிறார்கள். இது நம் பாட்டுப் படத்தின் வெற்றி." அதற்கும் கைதட்டினார்கள். படத்தைப் போடச் சொன்னார். எனக்குப் போர்த்த வைத்திருந்த சால்வையைத் தானே போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்.

நான் இறங்கி அல்லியைக் கூட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தேன். கைலாசநாதன் பின்னாலேயே வந்தார். மூச்சிரைத்தது.

"கோவிந்தராசு, கோவிச்சிக்காதீங்க. எல்லார் பேரும் பரிச்சைக்குப் போவும். நான் சொல்றன்ல? உக்காந்து படத்தப் பாத்துட்டுப் போங்க. முடிவுல ஒங்க பொண்ணு எவ்வளவு அழகாச் சிரிக்கிது தெரியுமா?"

"அது எப்பச் சிரிச்சிதுன்னு எனக்குத் தெரியும் சார்" என்றேன்.

"நீங்க இன்னும் நம்பலியா?"

"இல்லீங்க."

அவர் நின்றுவிட்டார். நாங்கள் சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தோம். வரிச்சிக்குடி பஸ் போய்விட்டிருந்தது. நடந்தோம்.

கொஞ்ச தூரம் போனதும் அல்லி கேட்டாள். "நெசமாவே எழுத உடுவாங்களாப்பா?"

"உடுவேன்னுதான் சொல்றாரு."

"எழுதுனா நான் தேறுவேனா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? பெயிலாப் போனாலும் நீ எழுதி பெயிலாப் போ. பெயிலுன்னு முன்னாடியே அவுங்க எழுதிப் போட வேணாம்."

அவள் கையிலிருந்த கணக்குப் புத்தகம் கடல் தண்ணீர் பட்டு உப்பிப் போயிருந்தது. ஒட்டிக்கிடந்த பக்கங்களை நகத்தால் பிரித்துக்கொண்டே வந்தாள். வினாத்தாள் அவள் கைக்கு வருகிறவரை நான் யாரையும் நம்புவதாக இல்லை. முன்னால் விடுவிடுவென்று நடந்தேன்.